துறைமுகத்தின் ஒளியும் துடிக்கும் மீன்களும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு என்றதும் நம் மாணாக்கர் ஒப்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அக்கல்லைக் கொண்டே கோட்டை கட்டினர், ஒல்லாந்தர் வந்தனர், 1782இல் பிரெஞ்சுக் கப்பற்படை புகுந்து சென்றது, 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர், 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன, 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியது. பாடத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை அது பீரங்கியின் வரலாறாகவே இருக்கிறது. இதே கரையில் நின்று மனிதர் வானத்தின் ஒளியை ஆராய்ந்த நாளும் ஒன்று உண்டு. அந்த நாளைப் பற்றியும், அன்று உலகத்து விஞ்ஞானிகளை வாட்டிய ஒரு கேள்வி பின்னர் எத்தனை தொலைவு பயணம் செய்தது என்பது பற்றியும் இங்கே சிறிது பேச விரும்புகிறோம்.

1871 டிசம்பர் 12ஆம் நாள் காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் மலையாளக் கரையில் இறங்கி, கோயம்புத்தூர்ச் சீமையையும் புதுக்கோட்டையையும் கடந்து, பாக்கு நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் விழுந்தது. நார்மன் லொக்கியர் என்னும் வானியலறிஞரின் தலைமையில் ஆங்கில அரசு ஒரு குழுவை அனுப்பியிருந்தது. குழுவினர் நிழலின் வழி நெடுகிலும் பிரிந்து நின்றனர். லொக்கியர் மலையாளக் கரையின் பேக்கல் கோட்டையில் நின்றார். இலங்கையின் நில அளவைத் தலைவராயிருந்த பையர்ஸ் யாழ்ப்பாணத்தில் நின்றார். திருகோணமலைக்கு அனுப்பப்பட்டவர் ஹென்றி நொட்டிஜ் மோஸ்லி என்னும் இளைஞர். அப்போது அவருக்கு வயது 27.

மோஸ்லி வானியலாளர் அல்லர், உயிர்நூல் கற்றவர். இங்கே வந்து நிறமாலைகாட்டியைக் கொண்டு சூரியனை நோக்கியவர், அதே பயணத்தில் இலங்கையின் ஈர நிலங்களில் ஊரும் தட்டைப்புழுக்களையும் சேகரித்து அவற்றின் உடலமைப்பைப் பற்றி நூல் வழக்காயிற்று என்னுமளவுக்கு ஆய்வுரை எழுதினார். அடுத்த ஆண்டே 'சலஞ்சர்' கப்பலில் ஏறி உலகக் கடல்களை ஆராயச் சென்றார். நம் இரசாயன ஆசிரியர்களுக்கு வேறொரு மோஸ்லியைத் தெரியும்: தனிமங்களை அணு எண்ணின்படி நிரைப்படுத்த வழிகாட்டிய மோஸ்லி. அவர் இவருடைய மகன். 1915இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கும் வயது 27. தந்தை திருகோணமலையில் கிரகணம் பார்த்த அதே வயது. ஏகாதிபத்தியம் தன் அறிவாளிகளை ஒரு தலைமுறையில் கருவியுடன் அனுப்பிற்று. அடுத்த தலைமுறையில் துவக்குடன் அனுப்பிற்று.

அந்தக் கிரகணத்தில் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி என்ன? நிலவு சூரியனை முற்றாக மறைத்ததும் அதைச் சுற்றி முத்துப்போன்ற வெள்ளொளி ஒன்று தோன்றும். அதை ஒளிமகுடம் என்போம். அது சூரியனுடையதா, அல்லது நம் பூமியின் காற்றில் தோன்றும் மயக்கமா? சூரியனுடையதே என்றால், அது தானே எரிகிறதா, வேறெதிலோ பட்டுத் தெறித்து வருகிறதா? இதற்கு விடை காண இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைகாட்டி. மற்றது ஒளியின் முனைவாக்கத்தைக் காட்டும் கருவி. பிரெஞ்சு அறிஞர் அராகோ 1842ஆம் ஆண்டுக் கிரகணத்திலேயே ஒளிமகுடத்தின் ஒளி முனைவாக்கம் உடையது என்று கண்டிருந்தார். அதை உறுதிசெய்யவே 1871இலும் முனைவுகாட்டிகள் கப்பலேறி வந்தன.

முனைவாக்கம் என்பது நம் நாட்டுப் பாடநூற் சொல். தமிழ்நாட்டார் தளவிளைவு என்பர். இரண்டும் செயற்கைச் சொற்கள்தாம். இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கப் பண்டிதர் கூடிப் பேசுவதற்குள் மாணாக்கன் பரீட்சை எழுதி முடித்துவிடுகிறான். பொருளைக் காண்பதற்குச் சொல் தடையில்லை; துறைமுகத்துக்கே போகலாம். ஒளி ஓர் அலை. அது செல்லும் திசைக்குக் குறுக்கே அதிர்கிறது. சூரியனிலிருந்து நேரே வரும் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக அதிர்கிறது. அதே ஒளி உட்துறைமுகத்தின் அமைதியான நீரிற் பட்டு நம் கண்ணைக் கூசவைக்கும்போது, கிடையாக அதிரும் பகுதியே பெரும்பாலும் மிஞ்சுகிறது. சூரியன் தொடுவானுக்கு மேல் 37 பாகை அளவில் நிற்கும் வேளையில் அந்தத் தெறிப்பு ஏறத்தாழ முழுவதும் கிடையதிர்வாகிவிடும். இன்று கடற்றொழிலாளர் சிலர் அணியும் 'போலரோய்ட்' கண்ணாடியை முகத்துக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றினால், ஒரு நிலையில் கூச்சம் அணைந்து நீருக்குள் கல்லும் மீனும் தெரியும்; கால் சுற்றுச் சுழற்றினால் கூச்சம் திரும்பிவிடும். கூடிய ஒளிக்கும் குறைந்த ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் முனைவாக்கத்தின் அளவு கிடைக்கும். இந்த எளிய வகுத்தல்தான் முழு விஞ்ஞானத்துக்கும் அடிப்படை.

1808இல் பாரிசில் மாலூஸ் என்பவர் மாளிகைச் சன்னலில் தெறித்த மாலைச் சூரியனைப் பளிங்குத் துண்டின் வழியே பார்த்துக் கண்டுபிடித்தது இதுவே. 1921இல் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' கப்பலில் திரும்பிய சி. வி. இராமன், சிறிய நிக்கல் பட்டகமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியதரைக் கடலைப் பார்த்தார். மேற்பரப்பின் தெறிப்பை அணைத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. கடலின் நீலம் வானத்தின் நிழல் என்று பெரிய மேதை ரேலி பிரபு சொல்லியிருந்தார். கப்பலின் தட்டில் நின்று ஒரு பட்டகத்தைச் சுழற்றியே அதை மறுக்க முடிந்தது. கருவி எத்தனை பெரிது என்பதைவிட அது யாருடைய கையில் இருக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

1871க்குத் திரும்புவோம். நீலகிரியின் சோலூரில் நின்ற பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், ஒளிமகுடத்தின் நிறமாலையில் சூரியனுக்கே உரிய கருங்கோடுகளைக் கண்டார். ஒளிமகுடம் சூரியனைச் சேர்ந்தது, அதன் ஒளியில் ஒரு பகுதி சூரிய ஒளியே தெறித்து வருவது என்ற முடிவு வலுப்பெற்றது. எதில் தெறிக்கிறது என்பது பின்னர் தெளிந்தது: தூசிலும், தனித்துத் திரியும் இலத்திரன்களிலும். இலத்திரனில் பட்டுச் சிதறும் ஒளி வலுவாக முனைவாக்கம் பெறும். இதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். கட்டுரையின் இறுதியில் இது மறுபடி வரும்.

நம் மக்கள் அந்நாளில் என்ன செய்தனர்? கிரகணம் வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும், பஞ்சாங்கம் சொல்லியிருக்கும். இதை இகழ்ந்து பேசுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஜோன் வாரன் எழுதியதைப் படிக்க வேண்டும். 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் ஒன்றைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களின் துணையால், ஒரு எழுத்தும் எழுதாமல் கணித்துக்காட்டியதை வாரன் வியந்து பதிவு செய்தார். அந்தக் கணித மரபு மிகப் பழையது. ஆயினும் அதற்கு ஒரு குறை இருந்தது. வாக்கியம் சொன்ன நேரத்துக்கும் வானம் காட்டிய நேரத்துக்கும் இடையே வேறுபாடு வளர்ந்தபோது, வாக்கியத்தைத் திருத்துவதற்கு வானத்தைப் பார்க்கும் பழக்கம் அற்றுப்போயிருந்தது.

அந்தப் பழக்கத்தை மீட்ட தமிழ்நாட்டு மனிதர் ஒருவர் இதே கிரகண காலத்தில் வாழ்ந்தார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, இளம் வயதிலேயே சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளரானார். 1861இல் அங்கே தலைவராக வந்த நார்மன் பொக்சன், விண்மீன்களின் ஒளிநிலைக்குக் கணித அளவுகோல் வகுத்தவர்; ஒளி மாறும் விண்மீன்களில் பேரார்வம் உடையவர். 1867இல் வலைபோன்ற தெற்கு விண்மீன் கூட்டமொன்றில் இரகுநாதாச்சாரி ஒரு மாறொளி மீனைக் கண்டுபிடித்தார். ஆர். ரெற்றிக்குலி என்பது அதன் பெயர். இந்தியர் ஒருவர் கண்டுபிடித்த முதல் மாறொளி மீன் அது. சென்னையில் அது தொடுவானுக்கு மேல் 14 பாகை உயரத்துக்கே எழும். கிரீனிச்சிலோ எழுவதே இல்லை. தெற்கு வானம் நம் பக்கத்துச் சொத்து.

ஏறத்தாழ 278 நாளுக்கு ஒருமுறை அந்த மீன் ஒளிகூடிக் குறையும். அது விரிந்து சுருங்குவதால் வரும் மாற்றம் என்று இரகுநாதாச்சாரிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. துடிப்பே காரணம் என்று ஷாப்லி வாதிட்டது 1914இல், எடிங்டன் அதற்குக் கணிதம் வகுத்தது அதற்கும் பிறகு. இடையில் ஹாவட் வானாய்வுக்கூடத்தில் மணிக்கு 30 சதம் கூலிக்குக் கண்ணாடித் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த ஹென்றியற்றா லெவிற் என்னும் பெண், துடிக்கும் மீனின் காலத்துக்கும் அதன் ஒளிக்கும் உள்ள தொடர்பை 1912இல் வெளிப்படுத்தினார். அண்டத்தின் தூரங்களை அளக்கும் கோல் அதுவே ஆயிற்று. வானியலின் பெருங்கட்டடத்தில் உதவியாளர், கணக்கர், கூலிக்கு எண்ணியவர் என்று ஓரமாய் எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர்!

இரகுநாதாச்சாரியின் மற்றொரு பணி நமக்கு இன்னும் நெருக்கமானது. கண்ணால் கண்டு சரிபார்த்த கணக்கின்படி அவர் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். திருக்கு என்றால் பார்வை. சித்திரைப் புத்தாண்டு எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்று வாக்கியக்காரரும் திருக்கணிதக்காரரும் ஆண்டுதோறும் வாதிடுவதை நம் வீடுகளில் கேட்காதவர் இல்லை. அந்த வாதத்தின் அடியில் கிடப்பது ஒரு பெரிய கேள்வி: முன்னோர் சொன்னதை ஒப்பிப்பதா, வானத்தைப் பார்த்துத் திருத்துவதா? 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதன் விளக்கத்தை இந்திய மொழிகளிலும் அச்சிட்டுப் பரப்ப அவர் முயன்றார். 1872இல் அரச வானியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1880இல் மறைந்தார். தமிழ்ப் பட்டதாரி ஆசிரியராகிய நமக்கு இந்த விஞ்ஞானச் சங்கதிகளில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள், அவருடைய அந்த மொழிப்பணியை எண்ணிப் பார்க்கலாம்.

இனி இரண்டு கயிறுகளையும் முடிச்சுப் போடுவோம். துடிக்கும் மீனின் ஒளியில் முனைவாக்கத்தை ஏன் அளக்க வேண்டும்?

இதற்கான வித்தை விதைத்தவரும் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியில் பயின்ற ஒரு தமிழரே. சூடான விண்மீன்களின் வளிமண்டலத்தில், சூரியனின் ஒளிமகுடத்தில் உள்ளது போலவே, தனி இலத்திரன்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. 1946இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் அதைக் கணக்கிட்டு, விண்மீன் வட்டத்தின் விளிம்பிலிருந்து வரும் ஒளியில் 100க்கு 11 பங்குக்கு மேல் முனைவாக்கம் இருக்கும் என்றார். ஆனால் விண்மீன் நமக்கு ஒரு புள்ளி. விளிம்பின் எல்லாப் பக்கமும் சேர்ந்தே கண்ணுக்கு வருகின்றன. நாலாபுறமும் சம வலிமையுள்ளவர் நின்று கயிறிழுத்தால் நடுவிலுள்ள முடிச்சு அசையாது. அதுபோல முழுக் கோளமான மீனின் முனைவாக்கம் தனக்குள்ளே தீர்ந்து சுழியாகிவிடும். ஒரு பக்கத்தை மற்றொரு மீன் மறைக்கும்போது தேடலாம் என்று கருதி ஹில்ற்னர், ஹோல் என்னும் இரு அமெரிக்க வானியலாளர் தேடினர். 1949இல் அவர்கள் கண்டது வேறொன்று: விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலுள்ள தூசு ஒளியை முனைவாக்குகிறது. தேடியது கிடைக்காமல் பெரும்புதையல் கிடைத்தது.

அந்தத் தூசு ஆராய்ச்சியாளருக்கு நன்மையும் செய்தது, தொல்லையும் கொடுத்தது. ஒரு மீனின் ஒளியில் முனைவாக்கம் கண்டால், அது மீனுடையதா, வழியிலுள்ள தூசுடையதா? இங்கேதான் மாறொளி மீன்கள் கைகொடுத்தன. வழித்தூசு நாளுக்கு நாள் மாறாது. மீனின் துடிப்போடு முனைவாக்கமும் மாறுமானால், மாறும் பகுதி மீனுக்கே உரியது. 1960களில் போலந்து நாட்டவரான செர்கோவ்ஸ்கி இவ்வாறு குளிர்ந்த செம்மீன்களை அளந்தார். இரகுநாதாச்சாரி கண்டது போன்ற நீண்டகாலத் துடிப்பு மீன்கள் விரிந்து சுருங்கும்போது தம்மைச் சுற்றித் தூசையும் வளியையும் உமிழ்கின்றன. அம்மேகம் ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருப்பதால் கயிறிழுப்பு சமநிலை குலைந்து முனைவாக்கம் வெளிப்படுகிறது. சவ்வாது மலைக் காவலூரிலே 1972இல் நிறுவப்பட்ட 1 மீற்றர் தொலைநோக்கியைக் கொண்டு இந்திய வானியற்பியலாளரும் இத்தகைய அளவீடுகளைச் செய்தனர், ஆர். வி. ரோறி வகைத் துடிப்பு மீன்களின் முனைவாக்கம் அங்கே அளக்கப்பட்டது.

ஆனால் தூசில்லாத, சூடான, நீல நிறத் துடிப்பு மீனின் கதை கடினமானது. அது பந்துபோல எல்லாப் பக்கமும் ஒருசேர விரிந்து சுருங்கினால் முனைவாக்கம் சுழியே. ஒரு பக்கம் புடைக்கையில் மறுபக்கம் ஒடுங்குமானால் ஒரு சிறு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை அளந்தால் மீன் எந்த வடிவில் துடிக்கிறது என்று தெரியும். வடிவம் தெரிந்தால், பூமியதிர்ச்சியைக் கொண்டு பூமியின் உள்ளறிவது போல, மீனின் உள்ளமைப்பும் வயதும் தெரியும். 1970களிலேயே இந்த எண்ணம் தோன்றிவிட்டது. அளக்கத்தான் கருவி இல்லை. வேண்டிய நுட்பமோ பத்து இலட்சத்தில் சில பங்கு. அவுஸ்திரேலியாவில் ஜெரமி பெய்லியும் துணைவரும் அத்தகைய முனைவுமானியை உருவாக்கினர். 2022இல் டானியல் கொற்றன் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு, தெற்குச் சிலுவையில் உள்ள மிமோசா என்னும் மீனின் துடிப்பை முனைவாக்கத்தால் கண்டுவிட்டது. வான்வெளித் தொலைநோக்கி ஒன்றின் ஒளியளவீடுகளும் நிறமாலைகளும் துணைநின்றன. மிமோசா சூரியனைப்போல 14.5 மடங்கு நிறையுடையது; வயது ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஆண்டு. துடிப்பைக் கொண்டு வயது காணப்பட்ட மீன்களுள் அன்று மிகக் கனமானது அதுவே. சந்திரசேகர் கணக்கிட்ட இலத்திரன் சிதறல், மோஸ்லி இக்கரையில் நோக்கிய ஒளிமகுடத்தின் அதே சிதறல், இங்கே ஒரு விண்மீனின் உள்ளறையைத் திறந்து காட்டிற்று.

குழுவினர் பெருந்தொலைநோக்கியை மட்டும் நம்பவில்லை; சிட்னிக்கு அருகே ஒரு பல்கலைக்கழகத்தின் 60 சென்ரிமீற்றர் தொலைநோக்கியையும் பயன்படுத்தினர். இலங்கையில் மொறட்டுவையில் 1996 முதல் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி ஒன்று உண்டு; ஜப்பான் நன்கொடையாகத் தந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கண்ணாடியின் அகலத்தில் மட்டுமா இருக்கிறது? நாம் பயின்ற ஒரு பள்ளியில் முனைவாக்கம் பற்றிய பாடம் நான்கு வரி. அதை மனப்பாடம் செய்தோம். இரண்டு முனைவாக்கித் தகடுகள் ஆய்வுகூட அலுமாரியில் இருந்தன; உடைந்துபோகும் என்று எவர் கையிலும் கொடுக்கவில்லை. சோழி பரப்பிய கணக்கரின் மாணாக்கராகவே நாம் இருந்தோம், அவருடைய கணிதத் திறமை மட்டும் இல்லாமல்.

போர் ஆண்டுகளில் இன்னொரு தடையும் இருந்தது. ஊரடங்கும் கடற்றடையும் மாறி மாறி வந்த அந்த நாட்களில் இரவுக் கடற்கரை நமக்கு அடைக்கப்பட்டுவிட்டது. கடலுக்குப் போகும் மீனவனுக்கே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தபோது, விண்மீன் பார்க்கப் போகிறோம் என்று காவற்சாவடியில் எவர் சொல்வார்? விடிவெள்ளியையும் அறுமீனையும் கொண்டு வழியறிந்த முதியவர்கள் பலர் அந்த ஆண்டுகளில் இடம்பெயர்ந்தனர், மறைந்தனர். 2009க்குப் பின் கரை திறந்தது. இரவில் இப்போது உல்லாசப் பயணிகளுக்கு விளக்கெரிகிறது.

நம் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்துகிறோம். மே மாதம் இருபதாம் நாளளவில் இரவு ஒன்பது மணிக்கு மாணவரை அழைத்துக்கொண்டு, கொட்டியாரக் குடாவுக்கு மேலே, மூதூர்ப் பக்கத்து வானத்தைப் பாருங்கள். நம் பெரியோர் திரிசங்கு என்று சொன்ன சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் இடக்கை மிமோசா. கணக்கின்படி அதன் உயரம் 22 பாகை. நீட்டிய கையின் முட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டு முட்டிக்குச் சற்று மேல். மாணவரே அளந்து பார்க்கட்டும். திருகோணமலையின் அகலாங்கு 8 பாகை 34 கலை. மிமோசாவின் தெற்குச் சரிவு 59 பாகை 41 கலை. 90இலிருந்து இரண்டையும் கழிக்கட்டும். கழித்ததும் கையால் அளந்ததும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று குறித்துவைக்கட்டும். அந்த மீன் நாலரை மணிக்கு ஒருமுறை துடிக்கிறது என்பதை அதன் பிறகு சொல்லலாம்.